தும்பு கிலோ கணக்கு, சிற்பம் நாள் கணக்கு: ரெஸ்டாரன்ட் ஆர்டருக்கு விலை போடுறது எப்படி?



ஈத்தாமொழி, இராஜாக்கமங்கலம் பக்கம் போனவங்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது. தென்னந்தோப்பு, ரோட்டோரம் குவிச்சுப் போட்ட கதம்பை, நடுவுல ஒரு தும்பு ஆலை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கு புவிசார் குறியீடே இருக்கு. ஆனா அந்தக் கதம்பையில இருந்து எடுக்கிற தும்பு பெரும்பாலும் கிலோ கணக்குலதான் விலை போகுது. கயிறா திரிச்சா கொஞ்சம் கூடுதல், மிதியடியா நெஞ்சா இன்னும் கொஞ்சம். அதோட சரி.

அதே தும்பு, அதே கயிறு, ஒரு ரெஸ்டாரன்ட் கூரையில இருந்து வேர் மாதிரி, கொடி மாதிரி, கடல் ஆமை மாதிரி தொங்குச்சுன்னா? அங்க யாரும் கிலோ விலை கேக்க மாட்டாங்க. "இதைச் செய்ய எத்தனை நாளாச்சு? யார் செஞ்சாங்க?"ன்னுதான் கேப்பாங்க. பிளாஸ்டிக் பூவையும் வால்பேப்பரையும் விட்டுட்டு, உள்ளூர் பொருள்ல, இயற்கையை வச்சு ஏதாவது செஞ்சு தாங்கன்னு கேக்குற ஹோட்டல், ரெஸ்டாரன்ட், ரிசார்ட் எல்லாம் கன்னியாகுமரியில இருந்து கோவளம் வரைக்கும் இருக்கு.

இன்னைக்கு நாம பேசப் போறது அந்த ஆர்டரைப் பத்தித்தான். எப்படிப் பின்றதுன்னு உங்க கைக்குத் தெரியும். எப்படி விலை போடுறது, எப்படிப் பணம் வாங்குறது, எதை எழுதி வாங்குறதுன்னு பார்ப்போம். இந்த மாதிரி வேலையில கையில இருந்து காசு போறதுக்கு முக்கியக் காரணம் ஒண்ணுதான்: பொருளுக்கு விலை போட்டுட்டு, நாளுக்கு விலை போட மறந்துடுறது.

ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல "ஃபைபர் சிலை"ன்னா கண்ணாடி இழையில அச்சு எடுத்து பெயின்ட் அடிக்கிற சிலைன்னு நினைப்பாங்க. இங்க சொல்றது அது இல்ல. தென்னை நார், வாழை நார், பனை நார், பருத்தி நூல், மீன்வலை மாதிரியான இழைகளை முடிச்சு போட்டும், பின்னியும், சுத்தியும் செய்யற சிற்பம்.

மாமல்லபுரம் கடற்கரையில தொடங்கின ஒரு தொழில்

"கயித்தையும் வலையையும் யாருங்க சிற்பம்னு காசு குடுத்து வாங்குவா?"ன்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு பேரைச் சொல்றேன்.

முதல் ஆள் ஜேனட் எக்கெல்மன். அமெரிக்காக்காரர். 1997-ல ஃபுல்பிரைட் உதவித்தொகையில இந்தியாவுக்கு வந்தவர், ஓவியக் கண்காட்சி வைக்கிறதா சொல்லி மாமல்லபுரத்துக்கு வந்தார். அனுப்பி வச்ச பெயின்ட் வந்து சேரலை. சிற்ப ஊராச்சேன்னு வெண்கல வார்ப்புல முயற்சி பண்ணினார். எடையும் கூடுதல், செலவும் கூடுதல். அப்போதான் கடற்கரையில மீனவர்கள் வலையைக் குவிச்சு வைக்கிறதைப் பார்த்தார். எடையே இல்லாம இவ்வளவு பெரிய உருவம் செய்யலாமேன்னு தோணிச்சு. மீனவர்களோட சேர்ந்து முதல் வலைச் சிற்பங்களைச் செஞ்சார். இன்னைக்கு உலகத்துப் பெரிய நகரங்கள்ல அவரோட வலைச் சிற்பங்கள் தொங்குது. அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் நகரத்துல 2009-ல வச்ச சிற்பம், அந்தப் பாலைவனத்துக் கள்ளிச்செடிப் பூவையும் மழை மேகத்தையும் பார்த்துச் செஞ்சது. 2015-ல பாஸ்டன்ல தொங்கவிட்ட சிற்பத்துக்கு மட்டும் 100 மைலுக்கும் மேல கயிறு போச்சு.

ரெண்டாவது ஆள் மிருணாளினி முகர்ஜி (1949–2015). பரோடாவுல படிச்சவர். சணல் மாதிரி நாரைச் சாயம் ஏத்தி, ஒவ்வொரு முடிச்சா கையாலேயே போட்டு, ஆள் உயரத்துக்கு மேல பூவும் தாவரமும் தெய்வமும் கலந்த மாதிரி உருவங்களைச் செஞ்சார். 2019-ல நியூயார்க்ல மெட் அருங்காட்சியகம் அவருக்காகத் தனிக் கண்காட்சியே நடத்திச்சு.

இந்த ரெண்டு கதையிலயும் நமக்கு வேண்டியது ஒரு விஷயம். வலை முடிச்சு மாமல்லபுரத்து மீனவர் கையில ஏற்கெனவே இருந்துச்சு. இராஜாக்கமங்கலம் துறையில வலை பின்றவர் கையிலயும் இருக்கு. அதுக்கு மேல எக்கெல்மன் சேர்த்தது மூணு: ஒரு உருவ யோசனை, விழாம நிக்கறதுக்கான இன்ஜினியரிங், காசு எப்போ எவ்வளவு வரும்னு எழுதின ஒப்பந்தம். முதல் ரெண்டைப் பத்தி நிறையப் பேர் பேசுறாங்க. மூணாவதைப் பத்தி யாரும் பேசுறது இல்ல.

உதாரணத்துக்கு ஒரு ஆர்டர்

ஒரு கணக்கு போட்டாத்தான் இது புரியும். நீங்க இராஜாக்கமங்கலத்துல சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கீங்கன்னு வச்சுக்குவோம். நாகர்கோவில்ல புதுசாத் தொறக்கிற ஒரு ரெஸ்டாரன்ட் கேக்குது: 12 அடி நீளம், 6 அடி அகலம், சாப்பாட்டு மேசைக்கு மேல கூரையில இருந்து தொங்கணும், இயற்கை சம்பந்தமா இருக்கணும்.

என்ன உருவம்? பக்கத்துலயே பழையாறு கடல்ல சேர்ற மணக்குடி காயல் இருக்கு. அங்க நிக்கிற கண்டல் மரத்தோட வேர் மேல இருந்து வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கும். கயிறுன்னா கீழ தொங்கும், வேரும் கீழதான் இறங்கும். பொருளோட குணமும் உருவமும் ஒண்ணா இருந்தா வேலை பாதி மிச்சம். பறக்கிற பறவையைத் தென்னைக் கயித்துல செய்யணும்னா உள்ளுக்குள்ள கம்பி கூடுதலா வேணும், அதாவது செலவு கூடும். உருவத்தைத் தேர்வு பண்றதே ஒரு பண முடிவுதான்.

பொருள் என்னென்ன? வேரோட தடிச்ச பகுதிக்குப் பழுப்புத் தும்பு. மெல்லிசான நுனிக்கு, பச்சைக் கதம்பையைக் காயல் தண்ணியில மாசக்கணக்குல ஊறப்போட்டு எடுக்கிற வெள்ளை நார்க் கயிறு. அங்கங்க ஒரு மினுமினுப்புக்கு, தோவாளைப் பக்கம் பூக்கட்டுறவங்க பயன்படுத்துற அதே வாழை நார். இதையெல்லாம் தாங்குறதுக்கு மேல ஒரு இரும்புச் சட்டம்.

இதுல விட்டுடக் கூடாத செலவு ரெண்டு இருக்கு.

முதல்ல தீ. தும்பு ஆலையில தீ விபத்துன்னு இந்தப் பக்கத்துப் பேப்பர்ல செய்தி வர்றதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். காஞ்ச நார் அவ்வளவு சீக்கிரம் பத்திக்கும். ரெஸ்டாரன்ட்ல கேஸ் அடுப்பும் இருக்கு, பிறந்தநாள் மெழுகுவத்தியும் இருக்கு. அதனால போராக்ஸ், போரிக் ஆசிட் கலவை மாதிரி ஒரு தீத்தடுப்புக் கரைசல்ல நாரை ஊற வச்சுக் காய வச்சுத்தான் பின்னணும். அப்பவும் தீயே பிடிக்காதுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது, பரவுற வேகம் குறையும். ஒரு முழத் துண்டை வெட்டவெளியில கொளுத்திப் பார்த்து, அதை வீடியோ எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டுங்க. பழைய நைலான் வலை அழகா இருக்கும், ஆனா தீயில உருகிச் சொட்டும். சாப்பாட்டு மேசைக்கு மேல அது வேண்டாம்.

ரெண்டாவது எடை. தென்னை நார் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். குமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. காஞ்ச நாள்ல எடை பார்த்துட்டு கொக்கி போட்டா, மழை மாசத்துல எடை மாறியிருக்கும். ஒரு அடித் துண்டைக் காஞ்சபடி ஒரு தடவை, ஈரமா ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க. ஈர எடையை வச்சுத்தான் கொக்கி, கம்பிக்கயிறு எல்லாம் வாங்கணும். அந்தக் கொக்கி கான்கிரீட்டுல இறங்கணும், ஃபால்ஸ் சீலிங்ல மாட்டவே கூடாது. ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்குறதுக்கு ஆகுற காசு வீண் செலவு இல்ல. அது உங்களுக்கு இன்சூரன்ஸ்.

விலை போடுற கணக்கு

கீழே இருக்கிற தொகை எல்லாமே உதாரணம்தான். உங்க ஊர் கூலியையும் கடை விலையையும் போட்டு நீங்களே மாத்திக்கோங்க. வரிசை மட்டும் மாறக் கூடாது.

பொருள் செலவு:
தும்பு, நார்க் கயிறு, வாழை நார் – ரூ.14,000
இரும்புச் சட்டம், வெல்டிங் – ரூ.22,000
சாயம், தீத்தடுப்புக் கரைசல் – ரூ.9,000
கொக்கி, கம்பிக்கயிறு, போல்ட் – ரூ.8,000
மொத்தம் – ரூ.53,000

நாள் செலவு:
பின்றதுக்கு 4 பேர், 25 நாள், ஒரு நாளைக்கு ரூ.600 – ரூ.60,000
உங்க நாள்: வடிவமைப்புக்கு 10, வேலைக்கு 25, ஆக 35 நாள், நாளுக்கு ரூ.1,200 – ரூ.42,000
மொத்தம் – ரூ.1,02,000

வண்டி, சாரம், மாட்டுற கூலி, இன்ஜினியர் – ரூ.15,000

இதுவரைக்கும் ரூ.1,70,000. இதுக்கு மேல:
பட்டறை வாடகை, கரன்ட், போன் இதுக்கெல்லாம் 10 சதவீதம் – ரூ.17,000
எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் – ரூ.17,000
அடக்க விலை – ரூ.2,04,000
லாபம் 20 சதவீதம் – ரூ.40,800
ஆக ரூ.2,44,800. கொட்டேஷன்ல ரூ.2,45,000.

இப்போ நம்ம ஆளுங்க வழக்கமாப் போடுற கணக்கைப் பார்ப்போம். "பொருளுக்கு ஐம்பத்து மூணாயிரம் ஆச்சு, டபுளாப் போட்டுக்குவோம்." ரூ.1,06,000. கேக்க நல்லா இருக்கு, பாதிக்குப் பாதி லாபம் மாதிரி தெரியுது. ஆனா பொருளும் வண்டியும் சாரமும் நாலு பேர் கூலியும் சேர்த்தாலே ரூ.1,28,000. ஒண்ணரை மாசம் உழைச்ச உங்களுக்குச் சம்பளம் பூஜ்ஜியம், அதுக்கும் மேல கையில இருந்து ரூ.22,000 போட்டிருப்பீங்க. ரெஸ்டாரன்ட் தொறப்பு விழாவுக்கு நீங்க வச்ச மொய் அது!

இன்னொரு விஷயம் கவனிங்க. உங்க சம்பளம் வேற, லாபம் வேற. ரூ.42,000 உங்க உழைப்புக்கு. ரூ.40,800 தொழிலுக்கு. அடுத்த ஆர்டர் வர்ற வரைக்கும் பட்டறை மூடாம இருக்கணும்னா அந்த ரெண்டாவது தொகை வேணும். ரெண்டையும் ஒரே பாக்கெட்ல போட்டா, நல்லா ஓடுற மாதிரியே இருக்கும், ஆனா ரெண்டு மாசம் ஆர்டர் இல்லைன்னா நகை அடகுக்குப் போகும்.

பணம் எப்போ வரணும்?

விலை சரியாப் போட்டும் சிலர் கஷ்டப்படுறாங்க. காரணம், பணம் வர்ற நேரம். வாரக்கூலி சனிக்கிழமை குடுத்தாகணும். ரெஸ்டாரன்ட் முதலாளி தொறப்பு விழா முடிஞ்சு பார்க்கலாம்பார். நடுவுல இருக்கிற இடைவெளியை நீங்க கடன் வாங்கி நிரப்பினா, அவர் ரெஸ்டாரன்ட்டுக்கு நீங்க ஃபைனான்ஸ் பண்றீங்கன்னு அர்த்தம். அதுவும் வட்டியில்லாம.

முதல்ல, மாதிரி செய்யறதுக்குத் தனிக் கட்டணம். ஒரு ரெண்டடி மாதிரியும் வரைபடமும் குடுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தொகை வாங்கிடுங்க. ஆர்டர் உறுதியானா அதை மொத்தத்துல கழிச்சுக்கலாம், உறுதியாகலைன்னா திருப்பித் தர்றது இல்லைன்னு முதல்லயே சொல்லிடுங்க. இது இல்லைன்னா உங்க மாதிரியை வாங்கிட்டு வேற ஆளை வச்சு மலிவாச் செஞ்சுக்குவாங்க.

பிறகு நாலு தவணை:
கையெழுத்து போடும்போது 45 சதவீதம் – ரூ.1,10,250
சட்டம் முடிஞ்சு, பாதிப் பின்னல் முடிஞ்சதைப் பட்டறைக்கு வந்து பார்த்ததும் 30 சதவீதம் – ரூ.73,500
மாட்டி முடிச்ச அன்னைக்கே 20 சதவீதம் – ரூ.49,000
30 நாள் கழிச்சு 5 சதவீதம் – ரூ.12,250

பாதி வேலை முடியும்போது உங்க செலவு என்ன? பொருள் மொத்தமும் ரூ.53,000, நாள் செலவுல பாதி ரூ.51,000, ஆக ரூ.1,04,000. அட்வான்ஸ் அதைத் தாண்டி நிக்குது. அதாவது எந்த நிலையில வேலை நின்னாலும் நாலு பேர் கூலி பாக்கி நிக்காது. இந்த 45 சதவீதம் பேராசையில வந்த எண் இல்ல, செலவு எப்போ வருதுன்னு பார்த்துப் போட்டது. வாடிக்கையாளர் கேட்டா இந்தக் கணக்கையே காட்டலாம்.

அட்வான்ஸ் வந்ததும் ஒரு வேலை பண்ணுங்க. அதைத் தனி வங்கிக் கணக்குல போட்டு வைங்க. அது இன்னும் உங்க வருமானம் இல்ல, செய்ய வேண்டிய வேலைக்கான பணம். அதுல இருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தீங்கன்னா, அடுத்த ஆர்டரோட அட்வான்ஸ்ல இந்த ஆர்டரை முடிக்கிற நிலைமை வரும். அந்தச் சுழல்ல மாட்டினா வெளிய வர்றது ரொம்பக் கஷ்டம்.

ஒரு பக்கத்துல எழுதுங்க

பெரிய வக்கீல் நோட்டீஸ் மாதிரி எல்லாம் வேண்டாம். தமிழ்லயே ஒரு பக்கம் போதும். ஆனா இதெல்லாம் இருக்கணும்:

1. அளவு, உருவம், பொருள், நிறம். மாதிரியோட போட்டோவை ஒட்டி ரெண்டு பேரும் கையெழுத்து.
2. தவணையும் தேதியும்.
3. எத்தனை தடவை மாத்தச் சொல்லலாம். ரெண்டு தடவை இலவசம், அதுக்கு மேல நாள் கணக்குல காசு.
4. மழையால சாயமும் நாரும் காயத் தாமதமானா அந்த நாளெல்லாம் கணக்குல சேராது. ஜூன்லயும் அக்டோபர், நவம்பர்லயும் வேலை எடுத்தா இது ரொம்ப முக்கியம்.
5. இடம் தயாரா இல்லைன்னா என்ன? சிற்பம் முடிஞ்சிருச்சு, ஆனா அங்க டைல்ஸ் வேலையே முடியலை. அப்போ மாட்டுற தவணையை எந்தத் தேதிக்குள்ள தரணும்னு எழுதுங்க.
6. மாட்டினதுக்கு அப்புறம் அதுல விளக்கு, ஸ்பீக்கர், பலூன்னு வேற எதையும் கட்டினா பொறுப்பு யாருக்கு.
7. பராமரிப்பு.

கடைசியா சொன்னதை விட்டுடாதீங்க. நார்ல தூசி பிடிக்கும், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து சுத்தம் பண்ணி, கொக்கியைச் சோதிச்சு, தீத்தடுப்புக் கரைசலைத் தேவைக்கு மறுபடி அடிக்கிறதுக்கு ஒரு வருடாந்தர ஒப்பந்தம் போடுங்க. வருஷத்துக்கு எட்டாயிரம்னு வச்சாலும், பத்து இடத்துல சிற்பம் தொங்கினா அது வருஷம் எண்பதாயிரம். ஆர்டர் இல்லாத மாசத்துல வாடகையை அது பார்த்துக்கும்.

பதிவு, வரி: பயப்படாம தெரிஞ்சுக்குவோம்

முதல் வேலை உத்யம் பதிவு. ஆதார், பான் வச்சு ஆன்லைன்ல இலவசமாப் பண்ணலாம். காசு கேக்குற தனியார் தளங்களுக்குப் போகாதீங்க. இந்தப் பதிவு எதுக்கு? 2006-ம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்றவங்ககிட்ட வேலை வாங்கினவர் ஒப்பந்தத்துல சொன்ன நாளுக்குள்ள பணம் தரணும். அந்த நாள் எப்படி எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு வட்டியா. வங்கி விகிதம் 6 சதவீதம்னா வட்டி 18 சதவீதம். இதுக்குன்னே இருக்கிற வசதியாக்க மன்றத்துல புகாரும் குடுக்கலாம். ஆர்டர் எடுக்கிறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணி, பில்லுல உத்யம் நம்பரைப் போடுங்க. பாதிப் பேர் நம்பரைப் பார்த்தாலே நேரத்துக்குக் குடுத்துடுவாங்க.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள்ள பொருள் மட்டும் விற்கிறவங்களுக்கு வருஷ விற்பனை ரூ.40 லட்சம் வரைக்கும், சேவையும் சேர்ந்தா ரூ.20 லட்சம் வரைக்கும் பதிவு கட்டாயம் இல்ல. பதிவு இல்லாதவங்க பில்லுல ஜிஎஸ்டி போட்டு வசூல் பண்ணவே கூடாது. ஒரு எச்சரிக்கை: நமக்குத் திருவனந்தபுரம், கோவளம் எல்லாம் பக்கத்து ஊர். ஆனா சட்டத்துக்கு அது வெளிமாநிலம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றா பொதுவா ஜிஎஸ்டி பதிவு வேணும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு மட்டும் நிபந்தனையோட விலக்கு இருக்கு. களியக்காவிளை தாண்டி ஆர்டர் வந்தா, கொட்டேஷன் குடுக்கிறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

டிடிஎஸ்: ரெஸ்டாரன்ட் உங்க பில்லுல 1 சதவீதம் பிடிச்சுட்டுக் குடுக்கலாம். ரூ.2,45,000-க்கு ரூ.2,450. அது போன காசு இல்ல. உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணி, வரி கட்ட வேண்டியது இல்லைன்னா திரும்ப வாங்கிடலாம். கணக்குத் தாக்கல் பண்றதுல இன்னொரு லாபம், நாளைக்கு வங்கிக் கடன் கேக்கும்போது அதுதான் உங்க வருமானத்துக்குச் சாட்சி.

கடன்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன். தமிழக அரசு 2025-ல தொடங்கின கலைஞர் கைவினைத் திட்டத்துல, 35 வயசு ஆன கைவினைஞர்களுக்கு ரூ.3 லட்சம் வரை கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.50,000 மானியம், 5 சதவீதம் வரை வட்டி மானியமும் உண்டு. நாகர்கோவில்ல இருக்கிற மாவட்டத் தொழில் மையத்துல விசாரிங்க. வெல்டிங் மெஷின், சாயத் தொட்டி, கயிறு திரிக்கிற மெஷின்னு வருஷக்கணக்குல உழைக்கிற பொருளுக்குக் கடன் வாங்கலாம். ஒரு வாடிக்கையாளரோட ஒரு ஆர்டரை முடிக்கக் கடன் வாங்கக் கூடாது. அதுக்கு அட்வான்ஸ் இருக்கு.

சிற்பம் அவங்களுக்கு, டிசைன் யாருக்கு?

இது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, ஒருத்தர் காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேற ஒப்பந்தம் இல்லைன்னா காசு குடுத்தவர்தான் காப்புரிமைக்கு முதல் உரிமையாளர். அந்தப் பட்டியல்ல சிற்பம் கிடையாது. அதனால நீங்க சம்பள ஆளா இல்லாம, தனி ஆர்டரா செஞ்சு குடுத்த சிற்பத்தோட டிசைன் உரிமை, எழுதிக் குடுக்காத வரைக்கும் உங்களோடது. சிற்பம் அவங்க சுவர்ல இருக்கும். அதே உருவத்தை வேற ஆளை வச்சு அடுத்த கிளைக்குச் செய்யணும்னா உங்ககிட்ட கேக்கணும். "அனைத்து உரிமைகளும் ரெஸ்டாரன்ட்டுக்கே"ன்னு ஒரு வரி ஒப்பந்தத்துல இருந்தா, அதுக்குத் தனி விலை கேளுங்க, இல்லை அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க.

பேர் போடுற உரிமையும் உங்களோடது. இதுக்கு இந்தியாவுல பெரிய உதாரணம் சிற்பி அமர்நாத் சேகல். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957-ல மத்திய அரசு அவர்கிட்ட ஒரு பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்யச் சொல்லுச்சு. 140 அடி நீளம். 1979-ல கட்டட வேலைன்னு அதைப் பிய்ச்சு எடுத்துக் கிடங்குல போட்டாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005-ல டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்த சிற்பத்தை அவர்கிட்டயே திருப்பிக் குடுக்கவும், ரூ.5 லட்சம் இழப்பீடு குடுக்கவும் உத்தரவு போட்டுச்சு. காசு குடுத்து வாங்கிட்டா என்ன வேணும்னாலும் பண்ணலாம்னு இல்லைன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுச்சு.

நமக்குக் கோர்ட் வேண்டாம். ஒப்பந்தத்துல ரெண்டு வரி போதும். "சிற்பத்தின் அருகில் செய்தவர் பெயர்ப் பலகை இருக்கும். அகற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்பே தெரிவித்து, செய்தவரை வைத்தே கழற்ற வேண்டும்." அந்தப் பெயர்ப் பலகையைச் சாதாரணமா நினைக்காதீங்க. சாப்பிட வர்ற நூறு பேர்ல ஒருத்தர் வீடு கட்டிட்டு இருப்பார், இன்னொருத்தர் ரிசார்ட் நடத்துவார். காசு குடுக்காம கிடைக்கிற விளம்பரம் அது. பின்னினவங்க நாலு பேர் பேரையும் அதுல போடுங்க.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னு சொன்னா?

சொல்லுவாங்க. சொல்லாத ரெஸ்டாரன்ட் இல்ல. "எங்க பட்ஜெட் ஒண்ணரை லட்சம்தான். இதைப் பார்த்து உங்களுக்கு நிறைய ஆர்டர் வரும்"னு சேர்த்தே சொல்லுவாங்க.

அப்போ உங்க கணக்குல எந்த வரியில கை வைப்பீங்க? தும்பு விலை குறையாது, ஏற்கெனவே குறைவு. வெல்டர் குறைக்க மாட்டார். கொக்கியில குறைச்சா ஆபத்து. மிஞ்சறது ரெண்டே இடம். உங்க 35 நாள், அந்த நாலு பேரோட 25 நாள். "ஐந்நூறுக்கு வாங்களேன்"னு கூலியில கை வைக்கிறதுதான் எல்லாருக்கும் சுலபமா இருக்கு. அந்த நூறு ரூபாய் குறைச்சா மொத்தமே ரூ.10,000தான் மிச்சம். ஆனா அடுத்த தடவை நல்லாப் பின்றவங்க வர மாட்டாங்க. அவங்க இல்லாம உங்ககிட்ட இருக்கிறது வெறும் தும்புதான், அது கிலோ கணக்குலதான் போகும்.

அதனால விலையைக் குறைக்காதீங்க, அளவைக் குறைங்க. "ஒண்ணரை லட்சத்துக்கு 12 அடி வராது சார், 7 அடி வரும். முன்வாசல் மேசைக்கு மேல மட்டும் தொங்கவிடலாம். வியாபாரம் நல்லா ஓடினதும் அடுத்த வருஷம் மிச்சத்தைச் சேர்த்து நீட்டிக் குடுக்கிறேன். கண்டல் வேர்தானே, வளர்றதுல தப்பில்லை." இப்படிச் சொல்லிப் பாருங்க. அவருக்கு பட்ஜெட்டுக்குள்ள வேலை முடியும், உங்களுக்கு ரெண்டு ஆர்டர் ஆகும், நாலு வீட்டுக்குச் சனிக்கிழமை கூலி குறையாது.

அடுத்த ஆர்டருக்கு கொட்டேஷன் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல முதல் வரியா இதை எழுதுங்க: "என் ஒரு நாளோட விலை என்ன?" அந்த எண்ணை முடிவு பண்ணினதுக்கு அப்புறம் தும்பு விலையை எழுதுங்க. உங்க ஊர்ல தும்பு என்ன விலை, பின்ற கூலி என்னன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல உங்க எண்ணை வச்சே ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடுவோம்.